ஸ்டெல்லாமேரியின் காப்பி மெஷின்

அருளானந்தம் காலையிலிருந்து மூன்று முறை அந்தக் காப்பிக்கொட்டை அரைக்கும் கைமெஷினை மேசைக்கு அடியில் ஒளித்துவைத்தார். மூன்று முறையும் நிர்மலா டீச்சர் அதைத் தேடி எடுத்து, மற்ற ஏலப் பொருள்களோடு வரிசையில் வைத்துவிட்டார்.

"இது வேணாம் டீச்சர். தப்பா எடுத்தாந்துட்டேன்."

"கோயில் ஏலத்துக்குக் குடுத்தத யாராவது திருப்பி எடுப்பாங்களாண்ணே? வேணும்னா ஏலத்துல கேளுங்க" என்றவர் உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். "ஆனா ஏலம் வுடறதே நீங்கதானே."

புதுச்சேரி குருசுக்குப்பம் மாதா கோயிலில் காணிக்கை ஏலம் என்றால் ஒரு பூசணிக்காய்கூட ஆயிரம் ரூபாய்க்குப் போகும். கேட்பவர் பூசணிக்காய்க்காகக் கேட்பதில்லை. இந்த ஞாயிறு ஏலமோ கடல் தாண்டி நடக்கும் போரில் வீடிழந்து கூடாரத்தில் கிடப்பவர்களுக்காக. பால்மாவுக்கும் மருந்துக்கும் பணம் சேர்க்கிறார்கள் என்றதும் பக்கத்துத் தெரு முஸ்லிம் வீடுகளிலிருந்தும் பொருள்கள் வந்தன. டீச்சர் வெள்ளிக்கிழமையே எல்லாவற்றையும் படம் எடுத்து, வெளிநாட்டுக்குப் போனவர்களும் இருக்கும் கோயில் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார். முப்பது வருடம் பஸ்ஸில் "கோரிமேடு, கோரிமேடு" என்று கத்திய கண்டக்டர் என்பதால், ஏலம் விடும் வேலை அருளானந்தத்தின் தலையில் விழுந்தது.

மெஷின் அவர் மனைவி ஸ்டெல்லாமேரியுடையது. மகள் ஜாஸ்லினின் பிரசவத்துக்கு மூன்று மாதம் என்று பாரீசுக்குப் போனவள், போய்ப் பதினாலு மாதம் ஆகிறது. அவரும் ஒரு தடவை போய்ப் பார்த்தார். குளிர் தாங்காமல் இருபதே நாளில் ஓடிவந்துவிட்டார். போன செவ்வாய்க்கிழமை அவள் போனில், இன்னும் ஆறு மாதம் ஆகும் போலிருக்கிறது என்றாள். அந்தக் கோபத்தில்தான் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தார். கோபத்தில் அறுத்த மூக்கு சிரித்தால் ஒட்டுமா?

வீட்டுக்குப் போன பிறகுதான் சாயங்காலம் நாலு மணி எவ்வளவு நீளம் என்று தெரிந்தது. அந்த மெஷினின் சின்ன இழுப்பறையில், அவள் கடைசியாக அரைத்த தூள் ஒரு சிட்டிகை மிச்சம் இருந்தது. தினமும் நாலு மணிக்கு அதைத் திறந்து மோந்து பார்ப்பார். அதை யாரிடம் சொல்ல முடியும்?

இப்போது நைசாக இழுப்பறையைத் திறந்தார். காலியாக இருந்தது.

"பழைய தூள் கெடந்துச்சுண்ணே. நல்லா கழுவி வெயில்ல காய வச்சிட்டேன்" என்றார் டீச்சர், நல்லது செய்த முகத்தோடு.

அருளானந்தம் நேராகப் போய்த் தன் சிநேகிதர் சிராஜுதீனைப் பிடித்தார். கையில் ஐயாயிரம் ரூபாயைத் திணித்து, எனக்காக நீர் கேளும் என்றார். யாராவது போட்டிக்கு வந்தால், தாம் கைக்குட்டையால் முகம் துடைப்பதாகவும், உடனே விலையை ஏற்ற வேண்டும் என்றும் ஏற்பாடு.

மெஷின் மேடைக்கு வந்தது. சிராஜுதீன் ஐந்நூறு என்றார். யாரும் வாய் திறக்கவில்லை. அப்பாடா என்று அருளானந்தம் வேர்த்த முகத்தைத் துடைத்தார்.

"எட்நூறு" என்றார் சிராஜுதீன்.

தன் விலையைத் தானே ஏற்றுகிறாரே, பாய் விவரமானவர், அதில் ஏதோ இருக்கிறது என்று கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. பின்வரிசையில் காதில் இயர்போனோடு நின்றிருந்த பக்கத்து வீட்டு ரூபி, ஆயிரம் என்று கை தூக்கினாள்.

அருளானந்தம் அவள் காதில் இருந்த இயர்போனையே பார்த்தார். ஒயிட் டவுன் ஓட்டல்காரர்கள் இப்படித்தான் ஆள் வைத்துப் பழைய சாமான்களை வாங்கிக் கண்ணாடி அலமாரியில் வைக்கிறார்கள். போனில் எவனோ சொல்லிக்கொடுக்கிறான். விலையை இறக்க ஒரே வழி, பொருளைத் தூற்றுவதுதான்.

"முன்னாடியே சொல்லிடறேன். இது ஓட்டை ஒடசல். கைப்பிடி ஆடும். இது போடுற சத்தத்துல வீட்ல மனுசன் இருக்க முடியாது."

ரூபி காதைப் பொத்திக் கேட்டுவிட்டு, இரண்டாயிரம் என்றாள்.

"இதுல அரைச்ச காப்பி கசக்கும்" என்றார் அருளானந்தம். அது பச்சைப் பொய்.

"மூவாயிரம்."

இப்படி ஒளிவுமறைவில்லாமல் ஏலம் விடுகிற மனுசனை எங்கே பார்ப்பது என்று முன்வரிசை மெச்சியது. அவர் குறை சொல்லச் சொல்ல ரூபியின் விலை ஏறியது. அவர் முகம் துடைக்கத் துடைக்க சிராஜுதீன் ஏற்றினார். ஐயாயிரத்தோடு சிராஜுதீன் கையை விரித்துவிட்டார். ரூபி ஆறாயிரம் என்றாள்.

அருளானந்தம் மெஷினைப் பார்த்தார். ஸ்டெல்லாவைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. எங்கேயோ கூடாரத்தில் ஒரு பிள்ளைக்குப் பால் கிடைக்கும், அதை நினைத்துக்கொள் என்று தன்னையே அதட்டிக்கொண்டார். மனசு கொஞ்சம் கேட்டது, முழுக்கக் கேட்கவில்லை.

"ஒரு தரம்" என்றார். "ரெண்டு தரம்" என்று இழுத்துக்கொண்டே நின்றார். டீச்சர் கடிகாரத்தைப் பார்த்ததும் "மூணு தரம்" என்றார். முப்பது வருடம் பஸ்ஸில் கத்திய குரல் முன்வரிசைக்கே கேட்கவில்லை.

ரூபி வந்து மெஷினை எடுத்தாள். எடுத்தவள் போகாமல், அதைத் திரும்ப அவர் கையிலேயே வைத்தாள். அப்புறம் காதிலிருந்து இயர்போனைக் கழற்றினாள்.

"ஸ்டெல்லாக்கா லைன்லதான் இருக்காங்க மாமா, ஏலம் பூரா கேட்டாங்களாம், டிக்கெட் போட்டாச்சாம், பதினாலாம் தேதி வர்ற வரைக்கும் இத மறுபடி ஏலம் வுட்டுடாம பத்திரமா வச்சிருக்கச் சொல்றாங்க."