நுரை மாப்பிள்ளை

ஸ்கூட்டரை எடுத்தால் கொஞ்ச நேரத்தில் கடல் வந்துவிடுகிற ஊரில் பிறந்தவனுக்கு, அதே கடலை வீட்டுக் கூடத்தில் கொண்டுவந்து வைக்க வேண்டும் என்ற ஆசை வரவே கூடாது. எனக்கு வந்தது. கல்யாணமும் ஆகாமல் கையில் சம்பளமும் இருந்தால் சிலர் பைக் வாங்குவார்கள், சிலர் ஊர் சுற்றுவார்கள். நான் ஆறடி நீளத்துக்குக் கண்ணாடித் தொட்டி வாங்கி, அதற்குள் பவளப்பாறை வளர்க்கப் புறப்பட்டேன்.

ரெட்டியார்பாளையத்தில் எங்கள் வீட்டுக் கூடம் அப்படியொன்றும் பெரியதில்லை. தொட்டி உள்ளே வந்ததும் டி.வி. படுக்கையறைக்குப் போனது, டி.வி.யின் பின்னாலேயே அப்பாவும் போனார். கடல்மீனுக்குச் சூடு ஆகாது என்பதால் தண்ணீரைக் குளிரவைக்க ஒரு இயந்திரம் வாங்கினேன். சித்திரை வெயிலில் மீன்கள் குளுகுளுவென்று நீந்த, அப்பா பனியனைக் கழற்றிப் போட்டுவிட்டு ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருப்பார். “அடுத்த ஜென்மத்துல உனக்கு மீனா பொறக்கணும்டா” என்பார். (அவர் சொன்னதில் கிண்டல் எவ்வளவு, வேண்டுதல் எவ்வளவு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.)

தினமும் காலையில் பல் தேய்க்கிறேனோ இல்லையோ, தண்ணீரின் உப்பு அளவைப் பார்த்துவிடுவேன். வீட்டுக்கு வரும் உறவினர்கள் தொட்டியை வாய் பிளந்து பார்த்துவிட்டு, கடைசியில் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: இதில் எதைக் குழம்பு வைப்பீர்கள்?

தொட்டிக்குக் கீழே அலமாரியில் ஸ்கிம்மர் என்று ஒரு கருவி இருந்தது. தண்ணீருக்குள் காற்றுக் குமிழிகளை விட்டு, அதிலிருக்கும் அழுக்கை நுரையாக்கி, மேலே ஒரு கிண்ணத்தில் சேர்க்கும். சாதாரண நாளில் சமர்த்துப் பிள்ளை. இந்தக் கதையில் என் மானத்தை வாங்கப் போவது அதுதான், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சமயத்தில்தான் நித்யாவின் ஜாதகம் வந்தது. பெண் பார்க்கப் போனோம். என் சம்பளத்தைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மீன்களுக்குப் பெயர் வைத்திருக்கிறீர்களா என்று கேட்டாள். அதோடு நான் அவுட். கட்டினால் இவளைத்தான் என்று வீட்டுக்குத் திரும்பும் வழியிலேயே அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

சிக்கல் அவள் அப்பாவிடம் இருந்தது. ராஜமாணிக்கம் மாமா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். குடும்பம் முழுக்க பிரெஞ்சு குடியுரிமை. எங்கள் ஊரில் அப்படிப்பட்ட வீட்டுப் பெண்ணைக் கேட்டுப் போகிறவனைப் பார்த்து எல்லோருக்கும் வரும் முதல் சந்தேகம், இவன் பெண்ணுக்கு வருகிறானா, பாஸ்போர்ட்டுக்கு வருகிறானா என்பதுதான். மாமாவுக்கு அது வெறும் சந்தேகம் இல்லை, பட்ட அடி. மூத்த மகளைக் கட்டியவர், புதுச்சேரியை விட்டு நகரவே மாட்டேன் என்று சொல்லித்தான் கட்டினார். தாலி கட்டிய கையோடு பாரிஸுக்குப் போய்விட்டார். பேரப்பிள்ளைகளை மாமா வீடியோவில்தான் கொஞ்சிக்கொண்டிருந்தார். இளையவளையும் அப்படி அனுப்பிவிட்டுத் தனியாக உட்கார அவருக்கு மனசு இல்லை. அதனால் பையனின் வீட்டைப் பார்க்க வேண்டும், பையனையும் ஒருமுறை நன்றாகப் பார்க்க வேண்டும் என்றார். மாசி மகத்தன்று சாயங்காலம் வருவதாகச் சொல்லி அனுப்பினார்.

நான் என்ன நினைத்தேன் என்றால், தொட்டி பளிங்கு மாதிரி இருந்தால் மாமா அதிலேயே விழுந்துவிடுவார் என்று. அதற்குப் பாதித் தண்ணீரையாவது மாற்ற வேண்டும். வழக்கமாக கனகசெட்டிக்குளத்தில் எனக்குத் தெரிந்த மீனவர் ஒருவர் ஆழ்கடலுக்குப் போகும்போது என் கேன்களில் தெளிந்த தண்ணீர் பிடித்து வருவார். மாசி மகத்தில் எந்தப் படகு கடலுக்குப் போகும்? அவரும் சாமி பார்க்கப் போய்விட்டார்.

அம்மா வைத்திக்குப்பத்துக்குத் தீர்த்தவாரி பார்க்கக் கிளம்பிக்கொண்டிருந்தார். எனக்கு மூளையில் மின்னல் அடித்தது. அங்கேயும் கடல்தானே இருக்கிறது? ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று கேன்களை எடுத்துக்கொண்டு நானும் கூடவே போனேன்.

கடற்கரை முழுக்கத் தலைகள். சுற்றுவட்டாரத்துச் சாமிகளெல்லாம் பல்லக்கிலும் டிராக்டரிலும் வந்து வரிசையாக நின்றன. நான் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, கூட்டத்திலிருந்து தள்ளி நின்று, ஓரளவு சுத்தமான தண்ணீராகத்தான் பிடித்தேன். கேனோடு கரையேறினேனா, ஒரு அம்மா என் முன்னால் பாட்டிலை நீட்டினார். “தீர்த்தம் கொஞ்சம் குடுப்பா, கால் வலி, எறங்க முடியல” என்றார். எப்படி மறுப்பது? ஊற்றினேன். அவருக்குப் பின்னால் சொம்பு, தூக்கு, வாட்டர் பாட்டில் என்று ஒரு வரிசையே நின்றுவிட்டது. தன்னார்வமாகத் தீர்த்தம் கொடுக்கும் தம்பி என்று யாரோ என் நெற்றியில் சந்தனம்கூட வைத்துவிட்டார்கள். என் அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

கேன்கள் காலி. நேரமும் இல்லை. கூட்டத்தில் தள்ளிப்போக வழியும் இல்லை. கைக்கு எட்டிய தண்ணீரை முகந்துகொண்டேன். அது எந்தத் தண்ணீர்? சாமிக்குப் பாலும் மஞ்சளும் சந்தனமும் அபிஷேகமாகி, அப்போதுதான் சாமி முழுக்குப் போட்டு எழுந்த தண்ணீர். லேசாகக் கலங்கலாகத்தான் இருந்தது. எனக்கும் ஒரு நிமிடம் உறுத்தியது.

“சாமி குளிச்ச தண்ணி தம்பி. ஒண்ணும் ஆவாது” என்றார் அம்மா.

கடல் உயிரியலை இணையத்தில் கரைத்துக் குடித்திருந்த நான் அதை நம்பினேன். வீட்டுக்கு வந்து பழைய தண்ணீரைப் பெரிய டப்புகளில் எடுத்துக் குளியலறையில் வைத்துவிட்டு, தீர்த்தத்தைத் தொட்டியில் ஊற்றி, எல்லா சுவிட்சையும் போட்டேன். குளித்துப் புதுச்சட்டை மாட்டும்போதே வாசலில் கார் வந்துவிட்டது.

மாமா இஸ்திரி கலையாத பேன்ட்டில், ஷூவை வாசலில் கழற்றிவிட்டு வெள்ளை சாக்ஸோடு உள்ளே வந்தார். பின்னாலேயே நித்யா. (பெண் கூட வருவது எங்கள் பக்கத்து வழக்கம் இல்லை. அவர்கள் வீட்டில் எல்லாமே கொஞ்சம் பிரெஞ்சு.) தொட்டி மோர் மாதிரி இருந்தது. சற்று நேரத்தில் தெளிந்துவிடும் என்று சொல்லி, பவளங்களைப் பற்றி என் சொற்பொழிவைத் தொடங்கினேன். மாமா சலனமில்லாமல் கேட்டார். அம்மா பஜ்ஜித் தட்டைக் கொண்டுவந்து வைத்தார்.

அலமாரிக்குள்ளிருந்து புஸ் என்று ஒரு சத்தம். கதவிடுக்கில் வெள்ளையாக நுரை எட்டிப் பார்த்தது. அடுத்த நிமிடம் கதவே திறந்துகொண்டு, சந்தன வாசனையோடு, நடுவில் ஒரு சாமந்திப் பூ மிதக்க, நுரை கூடத்தில் ஊர்வலம் வந்தது. பாலையும் சந்தனத்தையும் பார்த்த ஸ்கிம்மர் தன் வாழ்நாள் வேலை முழுவதையும் ஒரே நாளில் முடித்துவிடத் தீர்மானித்துவிட்டது போலிருக்கிறது. நுரை பஜ்ஜித் தட்டு வைத்த முக்காலியைச் சுற்றிக்கொண்டு மாமாவின் சாக்ஸில் ஏறியது. “அத்தான்சியோன்” என்று பிரெஞ்சு ராணுவக் குரலில் எச்சரித்தபடி மாமா எழுந்தார். யாரை எச்சரித்தார் என்று தெரியவில்லை.

நான் அவரைப் பார்க்கவில்லை. மீன்களைத்தான் பார்த்தேன். ஆரஞ்சில் வெள்ளைப் பட்டை போட்ட என் கோமாளி மீன்கள் இரண்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. அதற்குப் பிறகு என் தலையில் பெண் இல்லை, மாப்பிள்ளை இல்லை, மரியாதை இல்லை. புதுச்சட்டையோடு தரையில் குப்புறப் படுத்து அலமாரிக்குள் தலையை விட்டு பிளக்கைப் பிடுங்கினேன். வலையால் மீன்களை அள்ளினேன். குளியலறையில் பழைய தண்ணீர் இருக்கிறது என்று கத்தினேன். நித்யா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடிப்போய் ஒரு வாளி முகந்துவந்தாள். மீன்களை அதில் விட்டு, பேட்டரியில் ஓடும் காற்றுக் குழாயை எடுத்து, பக்கத்தில் நின்றவர் கையில் திணித்து, “இதத் தண்ணிக்குள்ளயே புடிச்சிக்கிட்டு இருங்க, வுட்டுடாதீங்க” என்று உத்தரவு போட்டேன்.

பக்கத்தில் நின்றவர் மாமா.

மற்ற மீன்களையும் முடிந்தவரை பவளங்களையும் டப்புக்கு மாற்றிவிட்டு நான் நிமிர்ந்து பார்த்தபோது, அவர் நுரைக்கு நடுவில், ஈரச் சாக்ஸோடு, வாளிக்கு மேல் குனிந்து, நான் சொன்னபடியே குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தார். பாதிப் பவளங்கள் போய்விட்டன. கோமாளிகள் இரண்டும் பிழைத்துக்கொண்டன. சம்பந்தம் பிழைக்காது என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அப்பா உள்ளறை வாசலில் நின்று தலையில் அடித்துக்கொண்டார்.

மாமா வாளியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு மகளிடம் திரும்பினார்.

“இவன் பாஸ்போர்ட்டுக்கு வர்ற ஆளு இல்லம்மா. இந்த மீன வுட்டுட்டு இவன் காரைக்கால்கூடப் போவ மாட்டான்.”

நித்யா சிரித்தாள். அந்த வைகாசியிலேயே கல்யாணம். பெண் வீட்டார் எனக்கு வைத்த பெயர் நுரை மாப்பிள்ளை. பத்திரிகையில் போடவில்லை, அவ்வளவுதான்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாமா எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். தொட்டிக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கோமாளிகளோடு பிரெஞ்சில் பேசுவார். (அவை மரியாதையாகக் கேட்கும்.) ஒருமுறை மூத்த மகளின் புதுவீட்டுக்காக எல்லோரும் பாரிஸ் போனார்கள். மீன்களை யார் பார்ப்பது என்று நான் தயங்கினேன். என்னைத் தனியாக விட முடியாது என்று சொல்லி மாமாவும் தங்கிவிட்டார். அவர்கள் கோபுரத்துக்கு முன்னால் நின்று படம் அனுப்ப, நாங்கள் இருவரும் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து பஜ்ஜி தின்று படம் அனுப்பினோம். என் கல்யாண ஆல்பத்தைவிட எனக்குப் பிடித்த படம் அது.

மாமா இப்போது இல்லை. அந்தக் கோமாளிகள் இன்னும் இருக்கின்றன, ஞாயிற்றுக்கிழமைகளில் நாற்காலிப் பக்கம்தான் சுற்றுகின்றன என்று நான் சொன்னால் வீட்டில் யாரும் நம்புவதில்லை. எனக்கு அவரை நினைக்காமல் அந்த நாற்காலியை நகர்த்த முடிவதில்லை.

இந்த மாசி மகத்துக்கும் பாரிஸிலிருந்து வீடியோவில் நித்யாவின் அக்கா வந்தார். நுரை மாப்பிள்ளை தீர்த்தம் எடுத்தாச்சா என்று வழக்கம்போல ஆரம்பித்து, இந்த வருஷமாவது பாரிஸுக்கு வரப்போகிறாரா இல்லையா என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், மாமாவின் நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்து மீனுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்த என் மகள், திரும்பிக்கூடப் பார்க்காமல் பதில் சொன்னாள்.

“அப்பா காரைக்கால்கூடப் போவ மாட்டாரு பெரிம்மா.”