சட்டைக் கை மேல் ஒரு சபதம்

உடம்பைத் தேற்றிக் காட்டுகிறேன் என்று நம்மாள் சபதம் போட்டது ஒரு திங்கட்கிழமை காலையில். போட்ட கையோடு களைத்துப்போய்க் கட்டிலில் உட்கார்ந்துவிட்டான். சபதம் போடுவதும் ஒரு வேலைதானே!

ஆள் கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டி பிரேமில் பொருத்துகிறவன். நாள் முழுக்க அவன் தூக்குவதிலேயே கனமானது ஒரு மூக்குக்கண்ணாடி. சின்ன வயசு, புதுக் கல்யாணம், ஆனால் உடம்பு என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. அவன் சட்டை ஹேங்கரில் தொங்குவதற்கும் அவன் மேல் தொங்குவதற்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. மனைவியின் அண்ணன் லாரியில் இரும்பு ஏற்றி இறக்குகிறவர். அவர் மாப்பிள்ளைக்கு வைத்த பேர் ஈர்க்குச்சி. முதுகுக்குப் பின்னால் சொல்கிற பழக்கமெல்லாம் அவருக்குக் கிடையாது.

"என்ன ஈர்க்குச்சி மாப்ள, ஃபேனுக்கு நேரா உக்காராதீங்க. அப்புறம் தேடிக்கிட்டு இருக்கணும்" என்பார். வந்தவர்கள் எல்லாரும் சிரிப்பார்கள். மனைவி மட்டும் சிரிக்க மாட்டாள். சிரிக்காமல் இருக்க அவள் படுகிற பாட்டைப் பார்ப்பதுதான் அவனுக்கு இன்னும் அவமானம்.

அதனால்தான் ஜிம். அங்கே மாஸ்டர் அவன் புஜத்தை டேப்பால் அளந்தார். பெருமூச்சு விட்டார். எடை எதுவும் மாட்டாத வெறும் கம்பியைக் கையில் கொடுத்தார். பக்கத்தில் ஒருவன் இந்தப் பக்கம் நாலு தட்டு, அந்தப் பக்கம் நாலு தட்டு மாட்டித் தூக்கிக்கொண்டிருக்க, நம்மாள் வெறும் கம்பியோடு மல்லுக்கட்டினான்.

"தம்பி, கொழுப்பு ஏறாம தசை மட்டும் ஏறணும்னா, எடையைக் கொஞ்சம் கொஞ்சமா கூட்டித் தூக்கணும். முட்டை, மீன், பருப்புன்னு நல்லா சாப்பிடணும். அப்புறம் ஓய்வு. தசை இங்க வளராது. நீங்க தூங்குறப்பதான் வளரும்."

"எவ்ளோ நாள் ஆகும் மாஸ்டர்?"

மாஸ்டர் மறுபடியும் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "உங்க உடம்புவாகுக்கு... ஒரு வருஷம்னு வச்சுக்கங்களேன்."

சொன்னதில் முதல் பாதி நம்மாளின் காதில் சரியாக விழவில்லை. தூக்கம் என்ற வார்த்தை மட்டும் நெஞ்சில் போய்ப் பதிந்தது.

அவன் மனைவி தையல்காரி. ஒரு கடைக்குப் பள்ளிச் சீருடை தைத்துக் கொடுக்கிறாள். வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் என்று ஒரு கூண்டு இருக்கிறது, அதில் இப்போது காவலாளி விளக்குமாறு வைத்திருக்கிறார். துணிக்கட்டு கீழே வாசல் கேட்டுக்கு வரும். அதையும் தண்ணீர் கேனையும் மேலே கொண்டுவருவதுதான் அந்த வீட்டில் நம்மாளுக்கென்று இருந்த ஒரே வேலை.

"என்னங்க, கட்டு வந்திருக்கு. போயி எடுத்துட்டு வந்துடுங்க."

"முடியாது. ஓய்வுல இருக்கேன்."

"எதுக்கு ஓய்வு?"

"காலையில தூக்கினேன்ல?"

"எதைத் தூக்கினீங்க?"

"கம்பியை."

"கம்பியில என்ன மாட்டியிருந்துச்சு?"

"கம்பியே எடைதாம்மா! உனக்கு இதெல்லாம் புரியாது. ஓய்வுலதான் தசை வளரும்னு மாஸ்டர் சொல்லிட்டாரு. இப்போ நான் கட்டைத் தூக்கினா, காலையில வளர ஆரம்பிச்சது அப்படியே நின்னுடும்."

"இத்தனை வருஷமா நின்னுக்கிட்டுதான இருந்துச்சு?"

அவன் போர்வையை இழுத்துக்கொண்டான். அவள் வாசற்படியில் நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு இடுப்பு விட்டுப்போகுதுங்க. நாள் பூரா மெஷினை மிதிக்கிறேன். கட்டையும் நானே சுமந்தா எப்படி?"

அவள் குரலில் கோபம்கூட இல்லை. அலுப்பு மட்டும்தான் இருந்தது. அதைக் கேட்டு அவனுக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் மச்சான் சிரிப்பது கண் முன்னால் வந்ததும், பாவம் பார்த்தால் பயில்வான் ஆக முடியாது என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டான். எழுந்து உட்கார்ந்து கையை நீட்டினான். ஃபேன் காற்றில் சட்டைக் கை படபடவென்று அடித்துக்கொண்டது.

"இந்தா பாரு. இந்தச் சட்டைக் கை என் கையைப் பிடிக்கிற அன்னைக்கு ஓய்வு முடிஞ்சுது. அன்னையிலேர்ந்து கட்டு, கேன், கடைக்குப் போற மூட்டை எல்லாம் நான்தான். உங்க அண்ணன் மேல சத்தியம்."

"எங்க அண்ணன் மேல எதுக்கு?"

"எங்க பக்கம் சத்தியத்தைத் தாங்குற உடம்பு யாருக்கும் இல்ல."

அவள் அந்தச் சட்டைக் கையை ஓரம் வரைக்கும் ஒரு பார்வை பார்த்தாள். "சரி" என்றாள். அவள் இவ்வளவு சுருக்கமாகச் சரி சொல்கிறவளே இல்லை. விவரம் தெரிந்த புருஷனாக இருந்தால் அங்கேயே உஷாராகியிருப்பான். நம்மாள் ஒரு வருஷத்துக்குப் பிரச்சினை தீர்ந்தது என்று குப்புறப் படுத்துத் தூங்கினான்.

தையல்காரியைக் கட்டிக்கொண்டு சட்டைக் கை மேல் சபதம் போட்ட மகாராசனை எங்கேயாவது பார்த்ததுண்டா? இங்கே பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் நாட்கள் நகர்ந்தன. நகர்ந்தன என்பதைவிட நொண்டின என்பதுதான் சரி. காலையில் ஜிம். தொடை பிடித்துக்கொண்டு படி ஏற முடியாது. தோள் பிடித்துக்கொண்டு தலை வார முடியாது. முட்டை தின்று தின்று கோழியைப் பார்த்தாலே வயிற்றைப் புரட்டியது. மத்தியானம் சாப்பிட வந்து படுத்தால், படிக்கட்டில் அவள் கட்டு சுமந்து வரும் சத்தம் கேட்கும். திருப்பத்துக்குத் திருப்பம் தொம்மென்று இறக்கி வைப்பாள், மூச்சு வாங்குவாள், மறுபடி தூக்குவாள். அவன் தலையணையை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வான். பள்ளி திறக்கிற நேரம் வேறு. கட்டு வாரா வாரம் பெருத்துக்கொண்டே போனது.

இப்படியே மூன்று மாதம் போயிருக்கும். ஒரு நாள் வேலைக்குக் கிளம்பும்போது அவள்தான் சொன்னாள்.

"என்னங்க, சட்டை ஒரு மாதிரி பிடிக்குதே?"

"எங்க?"

"கையிலதான். மடக்குங்க பாப்போம்."

மடக்கினான். பிடித்தது! சத்தியமாகப் பிடித்தது! கண்ணாடி முன்னால் ஓடினான். இந்தக் கை, அந்தக் கை, பக்கவாட்டில், பின்னால் திரும்பி. வேறொரு சட்டையை எடுத்துப் போட்டான். அதுவும் பிடித்தது. கண் கலங்கிப் போய்விட்டது அவனுக்கு. கடைக்குப் போவதற்குள் மச்சானுக்கு அவனே போன் போட்டுவிட்டான்.

மச்சான் சாயங்காலமே வந்து சட்டைக் கைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். விரல் போகவில்லை. "அட, நெசமாவே பிடிக்குதே! பயில்வான் மாப்ள!" என்று முதுகில் ஒன்று வைத்தார். வலியில் உயிர் போனது. ஆனாலும் பயில்வான் என்ற வார்த்தை தேனாக இறங்கியது. அவனை யாரும் அப்படிக் கூப்பிட்டதே இல்லை.

"அப்போ அந்தக் கட்டு..." என்றாள் மனைவி.

"பயில்வானுக்குக் கட்டெல்லாம் ஒரு கனமா?" என்றார் மச்சான்.

அன்றைக்கு ஆரம்பித்ததுதான். காலையில் கம்பி, மத்தியானம் கட்டு, சாயங்காலம் கேன். தசை வளர்வதற்குத் தூங்க நேரமே இல்லை. கடையில் லென்ஸ் வெட்டும்போதே கண் சொருகியது. முதலாளி வேறு அடிக்கடி உற்றுப் பார்த்தார்.

மாஸ்டர் ஒரு நாள் மறுபடியும் டேப்பை எடுத்தார். அளந்தார். முதல் நாள் இருந்த அதே அளவு.

"டேப் இழுத்துக்கிச்சு மாஸ்டர்."

"இது இரும்பு டேப் தம்பி. ஒழுங்கா சாப்பிட்டுத் தூங்குறீங்களா?"

"இப்போதான் தூக்கம் போச்சு. ஆனா சட்டை பிடிக்குதே மாஸ்டர்?"

"அதைச் சட்டையைத்தான் கேக்கணும்."

நம்மாள் நேரே கடைக்குப் போய்ச் சட்டையைக் கேட்டான். அதாவது, பின்கட்டில் உட்கார்ந்து சட்டையைக் கழற்றி, கையை உள்பக்கம் புரட்டி, சின்னத் திருகாணி பார்க்கிற பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்துக்கொண்டான். புதுத் தையல் ஒரு வரிசை ஓடியது. அதற்கு ஓரமாக, பழைய தையல் பிரித்த ஊசித் துளைகள் எறும்பு போன தடம் மாதிரி வரிசையாகத் தெரிந்தன.

வீட்டுக்கு வந்து சட்டையை மெஷின் மேல் வீசினான்.

"கையைப் பிடிச்சுத் தச்சியா?"

"பிடிச்சேன்" என்றாள், மிதிப்பதை நிறுத்தாமல்.

"எப்போ பிடிச்ச?"

"நீங்க வளர்ந்துக்கிட்டு இருந்தப்போ."

"இது மோசடி! இனிமே ஒரு கட்டு, ஒரு கேன் தொட மாட்டேன்!"

"தொடாதீங்க. பிடிச்ச சட்டையை எல்லாம் பிரிச்சுப் பழையபடி விட்டுடறேன்." தையல் பிரிக்கிற ஊசிக்காகக் கையை நீட்டினாள். "ஞாயித்துக்கிழமை அண்ணன் வர்றாரு. லாரி ஆளுங்க ரெண்டு பேரையும் கூட்டிட்டு வர்றாராம், பயில்வானைக் காட்ட."

நம்மாள் அப்போதுதான் அவளுடைய ரவிக்கைக் கையைப் பார்த்தான். அதிலும் ஓரத்தில் பிரித்த தடம்.

"இது என்ன? இதையும் பிடிச்சியா?"

"இது விட்டது. நீங்க ஓய்வெடுத்தப்ப கட்டு தூக்கினேன்ல? கை நுழையவே மாட்டேங்குது" என்று கையை மடக்கினாள். ஒரு எலுமிச்சை அளவுக்கு உருண்டு எழுந்தது. நம்பாமல் விரலால் அமுக்கிப் பார்த்தான். கல்! கொழுப்பு ஏறாத சுத்தமான தசை. இதற்காகத்தான் அவன் இத்தனை மாதம் கம்பியோடு கிடந்தான்.

அவள் அண்ணனைப் போல் சிரிக்கவில்லை. கையை இறக்கிவிட்டு, ஊசியை எடுத்து முதல் சட்டையைப் புரட்டினாள்.

"இரு, இரு, பிரிக்காத" என்றான்.

படியிறங்கிப் போனான். திருப்பத்துக்குத் திருப்பம் தொம்மென்று இறக்கி வைத்து, மூச்சு வாங்கி, துணிக்கட்டை மேலே கொண்டுவந்து மெஷின் பக்கத்தில் போட்டான். வியர்வையைத் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னான்:

"அந்த நீலச் சட்டை மட்டும் இன்னும் தொளதொளன்னு இருக்கு. ஞாயித்துக்கிழமைக்குள்ள பிடிச்சுக் கொடுத்துடும்மா."