பாவல் பந்தலடியில் நடந்த ஜெபம்

இரணியல்,
14-2-1954

கர்த்தருக்குள் பிரியமான அருமனை ஏசுஅடிமை அவர்கள் சமுகத்துக்கு, செல்வதாஸ் தாழ்மையோடு எழுதிக்கொள்வது. சம்பந்தி என்று எழுதத்தான் ஆசை. தங்கள் கடிதத்தைப் படித்தபின் கை தயங்குகிறது. இங்கே எல்லோரும் சுகம். தங்கள் சகோதரி ராஜபாய் அம்மாளுக்கு இடுப்புவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

பெண் பார்க்க வந்த அன்று நடந்ததை ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். வீட்டுக்குள் புழுக்கமாக இருந்ததால், என் மகள் குளோரி போட்ட பாவற்காய்ப் பந்தலுக்கடியில் பாய் விரித்தோம். உபதேசியார் ஜெபத்தை நோவா காலத்திலிருந்து தொடங்கினார். அவர் ஆபிரகாமுக்கு வந்தபோது ஒரு கும்பிடுபூச்சி இறங்கி, ராஜபாய் அம்மாளின் தோளில் உட்கார்ந்து, அதுவும் கைகூப்பிக்கொண்டது. நான் பார்த்தேன். சொல்லியிருக்கலாம், ஆனால் ஜெபத்தில் கண்ணைத் திறந்துவைத்திருந்தவன் என்று சபை முழுக்கப் பேராகிவிடுமே என்று பேசாமல் இருந்துவிட்டேன். என் மனைவியும் பார்த்தாளாம். அவளும் அதே காரணத்துக்காகத்தான் வாயைத் திறக்கவில்லை. பூச்சி கழுத்துக்கு ஏறியதும் அம்மாள் எழுந்து ஓட, கருப்பட்டிக் காப்பிப் பானை உபதேசியார் மடியில் கவிழ, அவர் மோசேயைத் தொடாமலே ஆமென் சொல்லிவிட, அம்மாள் போய் உரக்குழிக்குள் விழ, தூக்கிவிடப் போன தங்களைக் குளவி கொட்டிவிட்டது.

நிச்சயத்துக்கு முன் தோட்டம் முழுக்க டி.டி.டி. பவுடர் தூவாவிட்டால் சம்பந்தம் வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்கள். நியாயம்தான். டின் வாங்கிவந்தேன். குளோரி பிடுங்கிக்கொண்டாள். சாணியும் இலைதழையும் தவிர வேறெதுவும் போடாமல் அவள் வளர்த்த தோட்டம் அது. குளவி புழுவைத் தூக்கிப்போகிறதாம், பொறிவண்டு செடிப்பேனைத் தின்கிறதாம், மிச்சத்தைக் கும்பிடுபூச்சி பார்த்துக்கொள்கிறதாம். "கெட்ட தோட்டத்துல இதுவ வந்து குடியிருக்காதுப்பா. எனக்க தோட்டம் நல்லாயிருக்குன்னு இதுவதான் சாட்சி. இதுவளக் கொன்னுட்டுத்தான் கல்யாணம்னா எனக்கு வேண்டாம்" என்றாள். அதுவும் நியாயமாகவே பட்டது. அவளுக்கு வயது இருபத்தாறு. இனி ஒரு வரன் வருமா என்ற கவலையில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆனாலும் டின்னைத் திருப்பிக் கடையில் கொடுத்துவிட்டேன். ஆகையால் இந்தச் சம்பந்தத்தை இத்துடன் விட்டுவிடலாம் என்று மனவருத்தத்தோடு தெரிவிக்கிறேன். தங்கள் மகன் சத்தியநேசனுக்குப் பூச்சி பொட்டு இல்லாத வீட்டில் பெண் அமைய ஜெபிக்கிறோம். தங்கள் குடும்பத்தார் யாவருக்கும் சமாதானம் உண்டாவதாக. குளவி கொட்டிய வீக்கத்துக்கு மஞ்சள் அரைத்துப் போடவும்.

இப்படிக்கு,
செல்வதாஸ்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது தங்கள் மகன் பஸ்ஸில் வந்து இறங்கினார். கும்பிடுபூச்சியைச் சரியாகப் பார்க்கவில்லையாம், பார்த்துவிட்டுப் போக வந்தாராம். குளோரி பந்தலடிக்கு அழைத்துப்போனாள். போய் வெகுநேரம் ஆகிறது. மேலே எழுதியதைத் தாங்கள் படிக்காததாகவே வைத்துக்கொள்ளவும். பூச்சி இடதுபக்கத்துக் கொடியில்தான் இருக்கிறது. அவர் இதுவரை அந்தப் பக்கம் திரும்பவேயில்லை.