இரண்டாயிரமாவது ஆரோக்கியசாலி

“சார், ரெண்டாயிரமாவது நம்பர் அம்மா ஆம்பளைன்னு வருது” என்றாள் மரபணுச் சோதனை முடிவுகளைச் சரிபார்க்கும் கம்ப்யூட்டர் பெண்.

ஒருங்கிணைப்பாளருக்குக் காதுவரை சூடேறியது. அந்த அம்மா அவரேதான்.

சர்க்கரை நோய்க்கு எந்தெந்த மரபணுக்கள் உடந்தை என்று கண்டுபிடிக்கும் ஆய்வு அது. நோயாளிகள் இரண்டாயிரம் பேர், நோயில்லாதவர்கள் இரண்டாயிரம் பேர். இரு தரப்பு ரத்தத்தையும் ஒப்பிட வேண்டும். நோயாளிகளின் ரத்தத்தைப் பெயர் இல்லாமல் எண் மட்டும் போட்டு ஆஸ்பத்திரி அனுப்பிவிடும். ஆரோக்கியசாலிகளைத் தேடிப் பிடிப்பது இவர் பாடு. கடைசி நாளில் கடைசிப் பெண்மணி ஊசியைப் பார்த்ததும் ஓட்டம் பிடித்தாள். இவர் தன் ரத்தத்தையே எடுத்து, ‘பெண், வயது 44’ என்று எழுதி ஒட்டிவிட்டார். ரத்தம் என்ன வாயைத் திறந்து பேசவா போகிறது?

“குழாய் மாறியிருக்கும்மா.”

“அப்படின்னா அன்னைக்கு வந்த நாப்பது குழாயும் சந்தேகம்தான். பெரிய டாக்டரம்மாகிட்ட சொல்லிடறேன்.”

“ஐயையோ, வேண்டாம்! இது ஒண்ணுதான். அந்தம்மாவையே மறுபடி வரச் சொல்றேன்.”

சொன்ன பிறகுதான், இல்லாத அம்மாவுக்கு எங்கே போவது என்று உறைத்தது. மாட்டினால் வேலை போகும், மானமும் போகும். வெட்கத்தை விட்டு மனைவியிடம் போய் நின்றார்.

“நானா? வேற யாரையாவது பாருங்களேன்.”

“யாரு இருக்கா? ஊர்ல பாதிப் பேருக்குச் சர்க்கரை. நாக்கை அடக்கத் தெரியாத ஜென்மங்க! உன்னை மாதிரி ஒழுங்கா இருக்கறவ யாரு?”

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு கையை மட்டும் நீட்டினாள். படிவத்தில் ‘சர்க்கரை: இல்லை’ என்று அவரே நிரப்பிக்கொண்டார். கட்டின பெண்டாட்டியிடம் என்ன கேள்வி வேண்டிக்கிடக்கிறது?

பத்து நாள் கழித்துக் கம்ப்யூட்டர் பெண் கூப்பிட்டாள்.

“இந்தத் தடவை பொம்பளைதான் சார்.”

அவருக்குப் போன உயிர் திரும்பியது. ஆனாலும் அந்தப் பெண்ணின் முகத்தை நிமிர்ந்து பார்க்கக் கூச்சமாக இருந்தது.

“ஆனா, நோயாளிப் பட்டியல்ல ஒருத்தரோட அப்படியே பொருந்துது.”

“சொந்தக்காரங்களா இருக்கும்.”

“இல்ல சார், அதே ஆள்தான். ஆறு வருஷமா மருந்து எடுக்கறாங்க. ஆஸ்பத்திரிக் குறிப்புல எழுதியிருக்கு பாருங்க: ‘வீட்டுக்குப் போன் பண்ண வேண்டாம், சர்க்கரைக்காரங்கன்னாலே வீட்டுக்காரருக்கு இளக்காரம்.’ எப்படிப்பட்ட மனுஷனா இருப்பான் சார் அவன்?”