நல்ல கம்ப்யூட்டரைப் பழுதாக்கிய படலம்

சான்றிதழ்ப் பிரிவின் கம்ப்யூட்டரைக் காலை பத்து மணிக்கு ஆன் செய்தால் பத்து நாற்பதுக்குக் கண் விழிக்கும். இது குறை அல்ல, நடைமுறை. அந்த நாற்பது நிமிடத்தில்தான் பிரிவு டீ குடிக்கும், பேப்பர் படிக்கும், அடுத்து யாருக்கு மாற்றல் என்று பேசித் தீர்க்கும். வரிசையில் நிற்பவர்களும் அதற்குத் தக்கபடி வீட்டிலிருந்து தாமதமாகவே கிளம்பப் பழகியிருந்தார்கள். இப்படி எல்லாத் தரப்பின் ஒத்துழைப்போடும் அமோகமாக நடந்துவந்த பிரிவு, ஒரு திங்கட்கிழமை அந்தக் கம்ப்யூட்டர் புகைந்து உயிரை விட்டதும் ஆட்டம் கண்டது.

பிரிவின் எழுத்தர் வீட்டில் வேறொரு கம்ப்யூட்டர் இருந்தது. அவருடையது என்று சொன்னால் அடி விழும். அது அவர் மனைவியுடையது. எட்டு மாதம் பாகங்களைத் தேடித் தேடி ஒன்றுசேர்த்த மலிவு விலை கேமிங் கம்ப்யூட்டர். மதர்போர்டு, மூடிப்போன பிரவுசிங் சென்டரிலிருந்து வந்தது. கிராபிக்ஸ் கார்டு, கல்யாணம் நிச்சயமானதால் விளையாட்டைக் கைவிட்ட ஒரு மாப்பிள்ளை கண்கலங்கியபடி விற்றது. கேபினட்டுக்குப் பக்கக் கதவு கிடையாது. ஃபேன்களில் மட்டும் சிவப்பு, பச்சை, நீலம் என்று விளக்கு ஓடும்.

"இந்த விளக்கு எதுக்கு? வேகம் கூடுமா?" என்று எழுத்தர் கேட்டார்.

"கூடாது. ஆனா கூடின மாதிரி இருக்கும்" என்றார் மனைவி.

இது போதாதென்று மனைவி அதை ஓவர்கிளாக் வேறு செய்திருந்தார். அதாவது, இவ்வளவு வேகம் போதும் என்று கம்பெனிக்காரன் வைத்துக் கொடுத்த ப்ராசஸரை, அதற்கு மேலும் விரட்டி ஓடவைப்பது. எட்டு மணி நேர வேலைக்கு வந்தவனிடம் பன்னிரண்டு மணி நேரம் வேலை வாங்கி, மயங்கி விழாதபடி தலையில் விசிறுவது என்று மனைவி விளக்கியபோது எழுத்தர் காதைப் பொத்திக்கொண்டார். தன் பணிக்காலத்தில் அப்படியொரு கொடுமையை அவர் கண்டதே இல்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் கண்காணிப்பாளர் அவரைத் தனியாக அழைத்தார். "வெள்ளிக்கிழமை பெரிய அலுவலர் ஆய்வுக்கு வர்றார். புது கம்ப்யூட்டர் கேட்ட ஃபைல் நாலு வருஷமா சுத்திக்கிட்டு இருக்கு. நீங்கதான் எதையாவது பண்ணணும்."

எழுத்தருக்கு இல்லை என்று சொல்ல வராது. வீட்டுக்குப் போய் மனைவியிடம் கெஞ்சினார்.

"ஒரே நாள்" என்றார் மனைவி. "மூணு வருஷமா அரையிறுதியிலயே தோத்த எங்க கேமிங் டீம், வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு ஃபைனல் ஆடுது. அன்னிக்கு அந்தக் கம்ப்யூட்டர் இங்க இல்லன்னா நீங்களும் இங்க இல்ல."

செவ்வாய்க்கிழமை காலை, கேட்டில் இருந்த காவலாளி பொருள் வரவுப் பதிவேட்டில், 'கம்ப்யூட்டர், விளக்குடன், ஒன்று' என்று எழுதி நீட்டினார். எழுத்தர் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவது அவருக்கு ஊறிப்போன பழக்கம்.

பத்து மணிக்கு ஆன் செய்தார். எட்டே நொடியில் திரை எரிந்தது. டீ இன்னும் வந்திருக்கவில்லை. வேறு வழியில்லாமல் பிரிவு வேலையைத் தொடங்கியது. பதினொன்றேகாலுக்கு மூன்று மாத நிலுவை முழுதும் தீர்ந்துபோய், சான்றிதழ்கள் சுடச்சுட மேசையில் குவிந்து கிடந்தன.

கவுண்டரில் முதல் ஆள் பின்வாங்கினார். "அதுக்குள்ளயா சார்?"

"முடிஞ்சிடுச்சுங்க. வாங்கிக்கங்க."

"எனக்கு வேணாம். எல்லாரையும் பத்து தடவை அலைய விட்டுத்தானே குடுப்பீங்க? என்னுது மட்டும் எப்படி உடனே வருது? இதுல ஏதோ இருக்கு."

"ஒண்ணும் இல்லீங்க. பாருங்க, உங்க பேரு, உங்கப்பா பேரு, எல்லாம் சரியா இருக்கு."

"அதான் சந்தேகமா இருக்கு. இந்த ஆபீஸ்ல பேரு சரியா வந்ததா சரித்திரமே இல்ல!"

மதியத்துக்குள் பதினோரு புகார்கள் சேர்ந்தன. கண்காணிப்பாளர் வெளிறிப்போய் வந்தார்.

"நிலுவை எவ்வளவு?"

"இல்ல சார்."

"கொஞ்சம் கூடவா?"

"சுத்தமா இல்ல சார்."

கண்காணிப்பாளர் நாற்காலியில் சரிந்தார். "நிலுவை இருக்கறதாலதான்யா பிரிவுன்னு ஒண்ணு இருக்கு! வெள்ளிக்கிழமை வர்றவர் எதை ஆய்வு பண்ணுவார்? என்னையா?" என்று கத்தினார். 'முன் அனுமதியின்றிப் பணியை முடித்தமைக்குத் தக்க விளக்கம் அளிக்கவும்' என்று எழுத்தருக்குக் குறிப்பாணை வந்தது. கேட்டால் உடனே கொடுத்துவிடுவார்கள் என்று ஊரில் பீதி பரவி, மறுநாள் முதல் கவுண்டர் பக்கம் ஒரு ஈ காக்கைகூட வரவில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய எழுத்தரைக் காவலாளி மறித்தார். "பதிவேட்டுல ஏறிட்டா அது ஆபீஸ் பொருள் சார். பழுதுன்னு சான்று இருந்தாத்தான் வெளிய விடலாம்."

"இது என் சம்சாரத்தோடதுய்யா!"

"அப்படின்னு பதிவேட்டுல இல்லையே."

விதியைப் புரட்டினால், துறையின் சராசரி வேகத்தைவிடக் குறைந்தால்தான் பழுது என்று இருந்தது. பழைய கம்ப்யூட்டருக்கு நாற்பது நிமிடம். அதையே சராசரி என்று எழுத்தர் எடுத்துக்கொண்டார். அடுத்த இரண்டு நாளும் அலுவலகத்திலிருந்து மனைவிக்குப் போன் மேல் போன் போட்டார்.

"ஓவர்கிளாக்கை எடுத்துட்டேன். எட்டு நொடி பன்னெண்டு ஆயிருக்கு."

"ரேம்ல ஒண்ணைக் கழட்டுங்க."

"கழட்டிட்டேன். இருபது நொடி."

"ஃபேனை நிறுத்துங்க. சூடேறினா தானா மெதுவாயிடும்."

"நிறுத்திட்டேன். ரெண்டு நிமிஷம்."

மனைவி தன் டீமையும் கூட்டி யோசித்துப் பார்த்தார். பிறகு கேட்டபோது அவர் குரலில் மரியாதை இருந்தது. "உங்க ஆபீஸ் கம்ப்யூட்டர் எப்படிங்க நாப்பது நிமிஷம் எடுத்துச்சு? டீமே உக்காந்து யோசிச்சும் வழி தெரியலையே!"

வியாழக்கிழமை மாலை எழுத்தருக்குப் பொறி தட்டியது. அலமாரியிலிருந்து துறையின் அதிகாரபூர்வ வரவேற்பு மென்பொருளை எடுத்துப் போட்டார். துறையின் சின்னம் மெதுவாகச் சுழன்றது. வாழ்த்துரை ஓடியது. பிறகு ஒவ்வொரு ஃபைலிலும் சின்னம் இருக்கிறதா என்று அது தேட ஆரம்பித்தது. நாற்பத்து மூன்று நிமிடம்! எழுத்தர் துள்ளிக் குதித்தார்.

"கொன்னுட்டீங்க போங்க!" என்று போனில் கூவினார் மனைவி. கல்யாணமான நாளிலிருந்து கம்ப்யூட்டர் விஷயத்தில் அவர் வாயால் கிடைத்த முதல் பாராட்டு அது. எழுத்தருக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

வெள்ளிக்கிழமை காலை பெரிய அலுவலர் கைக்கடிகாரத்தோடு கம்ப்யூட்டர் எதிரில் அமர்ந்தார். நாற்பத்து மூன்று நிமிடமும் பிரிவே கைகட்டி நின்றது. ஃபேன் நின்றிருந்தாலும் விளக்கு மட்டும் ஓயாமல் ஓடியது.

"படு மோசம் சார். பழுதுன்னு சான்று குடுத்துடலாம்" என்றார் எழுத்தர் ஆவலாக.

"பழுதா? துறையோட இந்த வருஷ சராசரி அறுபத்திரண்டு நிமிஷம்யா!" அலுவலர் எழுந்து அவர் தோளில் தட்டினார். "துறையிலேயே வேகமான கம்ப்யூட்டர் இதுதான். விளக்கு வேற இருக்கு. இதுதான் நவீனமயம்!"

எல்லா அலுவலகக் கம்ப்யூட்டர்களுக்கும் உடனடியாக விளக்கு பொருத்துமாறு ஆணையிட்டுவிட்டு அவர் கிளம்பினார். விளக்கைத் தவிர வேறு எதையும் பொருத்தக் கூடாது என்பதும் அதிலேயே இருந்தது.

கம்ப்யூட்டர் மறுபடி மெதுவாகிவிட்டது என்ற செய்தி பரவியதும், மதியம் மூன்று மணிக்குள் கவுண்டரில் பழையபடி வரிசை கூடிவிட்டது. அதில் முதல் ஆளாக மனைவி நின்றார். பொருளின் சொந்தக்காரர் நேரில் விண்ணப்பித்தால் எழுத்தரே கையெழுத்துப் போட்டு விடுவிக்கலாம் என்ற விதியைத் துறையின் இணையதளத்தில் தோண்டி எடுத்திருந்தார். துறையில் ஒருவருக்கும் அது தெரியாது.

"ஒரு கையெழுத்துதாங்க. வெளிய வண்டியோட வந்திருக்கேன்" என்று கிசுகிசுத்தார்.

எழுத்தர் விண்ணப்பத்தை வாங்கினார். சர்வர் தேவையில்லை, கம்ப்யூட்டர் தேவையில்லை, பேனா போதும். பேனா கையில்தான் இருந்தது. மனைவிக்குப் பின்னால் முப்பது பேர் காகிதத்தோடு நின்றார்கள். கண்காணிப்பாளர் அந்த வரிசையை, தொலைந்த பிள்ளை திரும்பி வந்ததுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுத்தர் மனைவியிடம் அன்பாக ஏதோ சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

"சர்வர் டவுன்மா. திங்கட்கிழமை வந்து பாருங்க."

"சரிங்க சார்" என்று மனைவி திரும்பி நடந்தார்.

பின்னால் நின்ற முப்பது பேரும், யாரும் போகச் சொல்லாமலேயே, திருப்தியாகக் கலைந்து போனார்கள். கேட்டைத் தாண்டி, வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகுதான், தன்னைத் திருப்பியனுப்பியது யார் என்று மனைவிக்கு உறைத்தது.