அழிவுப் படையில் ஓரிடம்

மக்களிடையே நற்பண்புகளை வளர்க்கும் உயரிய நோக்குடன் அரசு வாரியம் ஒன்று சித்திரக்கதை மாத இதழ் நடத்தி வந்தது. அதில் உலகை அழிக்கத் துடிக்கும் ‘அழிவுப் படை’யில் ஐந்து கொடியவர்கள். அவர்களை மாதம் தவறாமல் உதைக்க ஒரு நாயகன். எல்லாரையும் வரைபவர் ஒரே ஓவியர். எறும்பை மிதித்தால்கூட மன்னிப்புக் கேட்கும் சாது.

ஒருநாள் தலைமை அதிகாரி அவரைக் கூப்பிட்டனுப்பினார். மேசைமேல் இதழ் விரிந்து கிடந்தது.

“இந்தத் தேள்மண்டையன் யாரு?”

ஓவியர் குனிந்து பார்த்தார். வழுக்கை, தொங்கும் கன்னம், மூக்கில் மரு. அச்சு அசல் அதிகாரியேதான். கை தன்னையறியாமல் செய்த பாவம்.

“கற்பனைங்க ஐயா. சத்தியமா கற்பனை!”

“அது கெடக்கட்டும். என்னை எதுக்கு மூணாவது ஆளா நிறுத்தினீங்க? நம்ம கணக்கு அதிகாரி முன்னால நிக்கிறாரே, பணிமூப்பு யாருக்கு?”

அடுத்த இதழில் தேள்மண்டையன் படைத்தலைவன் ஆனான். மற்ற அதிகாரிகளுக்குத் தூக்கம் போயிற்று. உடனே ‘படை உறுப்பினர் நியமனக் குழு’ அமைந்தது. பழைய ஐவரில் ஒருவனான இடிவாயன் நிர்வாக நலன் கருதி விடுவிக்கப்பட்டான். அவனிடத்துக்குத் துணை இயக்குநரும் அவர் மைத்துனரும் வந்து சேர்ந்தார்கள். கணக்கு அதிகாரி கோபித்துக்கொண்டு படையைவிட்டு விலகினார். இரண்டு தலை தருவதாகச் சொன்னதும் திரும்பி வந்தார். உலகை அழிக்கும் பேச்சே நின்றுபோயிற்று. “ஹா ஹா ஹா” என்று முதலில் சிரிக்கும் உரிமை யாருக்கு என்பதே முடிவாகவில்லை.

படை பக்கம் கொள்ளாமல் பெருகியது. நாயகனுக்கு மட்டும் முகம் தர ஆளில்லை.

“ஒத்தை ஆளா ஓடியாடி வேலை செய்யணும், கூட ஒரு உதவியாளர்கூடக் கிடையாது. எனக்கென்ன தலையெழுத்தா?” என்று துணை இயக்குநர் கையை உதறிவிட்டார்.

வேறு வழியில்லாமல் ஓவியர் கண்ணாடியைப் பார்த்துத் தன் முகத்தையே வரைந்தார். உள்ளூர ஒரு பூரிப்பு. இதழ் வந்ததும் மனைவியிடம் நீட்டினார்.

அவள் கண் கலங்கிவிட்டாள். “எங்கண்ணன் போன மாசமே படையில சேர்ந்துட்டாரு. ஊரே மேல போயிருச்சு. நீங்க மட்டும் இன்னும் நல்லவனாவே நின்னா, நான் எப்படிங்க நாலு பேர் முகத்துல முழிக்கிறது?”

ஓவியர் அன்றே குழுவின் காலில் விழுந்தார். கடைசி வரிசையில், பாதி முகம் தெரியும்படி ஓரிடம் கிடைத்தது. அடுத்த இதழ் நாயகன் இல்லாமலே வெளிவந்து சக்கைப்போடு போட்டது. வாசகர் கடிதங்கள் மூட்டை மூட்டையாகக் குவிந்தன. நாயகன் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஒவ்வொரு கடிதத்தோடும் பாஸ்போர்ட் அளவில் ஒரு புகைப்படம் மட்டும் இருந்தது.