விம்கோ நகரில் நான் பேசிய வேதியியல்

நன்றாகப் படித்தவனால் ஊருக்குப் பெரிய ஆபத்து இல்லை; நேற்றுப் படித்து முடித்தவனால்தான் ஆபத்து. அவனிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டால் ஹைட்ரஜனிலிருந்து ஆரம்பிப்பான். நான் அந்த ரகம்.

எம்.எஸ்ஸி. வேதியியல் முடித்த சூட்டோடு எண்ணூர்ப் பக்கம் ஒரு பருத்திவிதை எண்ணெய் ஆலையில் வேலை கிடைத்தது. ஆய்வுக்கூடம் என்று நினைத்துப் போனேன். விற்பனைப் பிரிவில் போட்டார்கள். வெள்ளைக் கோட்டு மட்டும் கொடுத்தார்கள். (ஜனங்கள் நம்புவார்களாம்.)

என் மேனேஜர் சந்தானம் சாருக்கு எண்ணெயைப் பற்றித் தெரிந்தது ஒன்றுதான்: அதை விற்க வேண்டும். ஆலைக்குப் பக்கத்தில் விம்கோ நகரில் ஒரு சமுதாயக்கூடத்தைப் பிடித்து, மகளிர் குழுக்களை அழைத்து, வாசலில் ஒலிபெருக்கியும் கட்டிவிட்டார். நான் பேச வேண்டும். பிறகு எங்கள் எண்ணெயில் பொரித்த பஜ்ஜி.

"சிம்பிளா முடிப்பா. ஹார்ட்டுக்கு நல்லது, வெல கம்மி. மீதிய பஜ்ஜி பேசிக்கும்" என்றார்.

நான் இரவு பகலாகப் படித்ததைப் பஜ்ஜி பேசுவதா? எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

அன்று கொளுத்தும் வெயில். காட்டப்போகிற பாட்டில் சூடாகிவிடக் கூடாதே என்ற விஞ்ஞான அக்கறையில் அதைக் கூல்டிரிங்க்ஸ் இருந்த ஐஸ் பெட்டிக்குள் புதைத்து வைத்தேன். பிறகு மைக்கைப் பிடித்தேன். பருத்திவிதை எண்ணெயில் பாதிக்கு மேல் லினோலிக் அமிலம், கால் பங்கை ஒட்டிப் பால்மிடிக், மீதியில் பெரும்பகுதி ஓலிக் என்று ஆரம்பித்து, சிப்ஸ், வனஸ்பதி, மயோனைஸ் என்று அதன் பயன்களை அடுக்கினேன். கூட்டம் பஜ்ஜிச் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தது.

"இந்த எண்ணெய் உடம்பில் கொழுப்பாகத் தங்கவே தங்காது!" என்று முழங்கி, பாட்டிலை உயரத் தூக்கினேன்.

பாட்டிலின் அடியில் வெள்ளை வெள்ளையாகக் கொழுப்பு உறைந்து உட்கார்ந்திருந்தது.

முன்வரிசையில் செல்வி அக்கா இருந்தார். காசிமேட்டிலிருந்து மீன் எடுத்துவந்து அந்தத் தெருக்களில் விற்பவர். கூட்டத்தில் மைக் தேவைப்படாத ஒரே ஆள். "இன்னா நைனா, பாட்டில்லயே தங்கிக்கினு கீது, என் உடம்புல மட்டும் எப்டித் தங்காம பூடும்?"

கூடமே சிரித்தது. "அது பால்மிடிக் சேர்ந்த பாகம்மா, குளிர்ல உறையும்" என்றேன். யாரும் கேட்கவில்லை. நம்பிக்கையை மீட்டே தீருவது என்று அடுத்த ஆயுதத்தை எடுத்தேன்.

"நாங்க எவ்வளவு சுத்தமா செய்யறோம் தெரியுமா? பருத்தி விதையில காசிபால்னு ஒரு விஷம் இருக்கு. அதையே எடுத்துடறோம்!"

விஷம் என்ற சொல்லைப் பஜ்ஜித் தட்டு சுற்றும்போது சொல்லக்கூடாது என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் போடவில்லை. வாய்க்குப் போன கைகளெல்லாம் பாதி வழியில் நின்றன. சந்தானம் சார் தூணோரமாகத் தலையில் கை வைத்தார். நான் பதறிப்போய், "பயப்படாதீங்க, அது முக்கியமா ஆம்பளைங்களத்தான் பாதிக்கும்" என்றேன்.

"இன்னா பண்ணும்?" என்றார் செல்வி அக்கா.

அங்கே நிறுத்தியிருக்கலாம். ஆனால் பதில் தெரிந்த கேள்வி. "விந்தணுவக் கொறைக்கும். கருத்தடை மருந்தா ஆகுமான்னு ஆராய்ச்சியே பண்ணிப் பாத்தாங்க."

வாசல் ஒலிபெருக்கி இதைத் தெரு முழுக்க அறிவித்தது. எதிரே ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்து இலவச பஜ்ஜி தின்றுகொண்டிருந்த செல்வி அக்காவின் கணவர் மூர்த்தி, வாயிலிருந்ததைத் துப்பிவிட்டு உள்ளே பாய்ந்தார். "டேய் கலீஜு! இன்னாத்தடா துன்னக் குடுத்தே?"

"நீ துன்னுய்யா! பெத்தது போதும்!" என்று அவரை அடக்கிவிட்டு, அக்கா என்னிடம் குரலைத் தாழ்த்தினார். (தாழ்த்திய குரலே கடைசி வரிசை வரை போனது.) "நைனா, அந்த சுத்தம் பண்ணாத எண்ணெ எங்க கெடைக்கும்?"

அவ்வளவுதான். "எனக்கு ஒரு கேன்!" "எங்க வூட்டுக்கு ரெண்டு!" என்று பெண்கள் மேடையைச் சூழ்ந்துவிட்டார்கள்.

"அய்யோ, பச்சை எண்ணெயச் சாப்பிடக் கூடாதும்மா! உடம்புல பொட்டாசியம் கொறஞ்சிடும்!" என்று கதறினேன்.

"அந்தாளுக்குப் பொட்டாசியம் இருந்து மட்டும் இன்னாத்தக் கிழிக்கப் போறாரு?" என்றார் செல்வி அக்கா.

அதற்குள் மூர்த்தி ஆட்டோ ஸ்டாண்டையே திரட்டிக்கொண்டு வந்தார். நானும் சந்தானம் சாரும் பின்பக்கச் சுவரேறிக் குதித்தோம். வெள்ளைக் கோட்டின் ஒரு கை அந்தச் சுவரிலேயே தங்கிவிட்டது. காரில் ஏறித் திருவொற்றியூரைத் தாண்டினோம். பிறகு அவர் கேட்டார்:

"ஹார்ட்டுக்கு நல்லதுன்னு சொன்னியா?"

"மறந்துட்டேன் சார்."

மறுநாளே என்னைச் சோப்புப் பிரிவுக்கு மாற்றினார்கள். எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது மிஞ்சும் கசடு சோப்பாகும் இடம் அது. கம்பெனி பயந்துபோய் எல்லாப் பாட்டிலிலும் 'காசிபால் நீக்கப்பட்டது' என்று சிவப்பில் அச்சடித்தது. மற்ற இடங்களில் விற்பனை ஏறியது; விம்கோ நகரில் மட்டும் படுத்துவிட்டது. "அது இல்லாத எண்ணெ எதுக்குன்னு கேக்கறாங்க சார்" என்றார் கடைக்காரர்.

என் சொற்பொழிவை யாரோ செல்போனில் எடுத்து அனுப்ப, அது எங்கள் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கும் வந்து சேர்ந்தது. வரன் பேசப் போன இடத்திலெல்லாம், பையன் எந்த ஆலையில் வேலை செய்கிறான் என்ற கேள்விக்கு அம்மா இருமுவார். கடைசியில் கல்மண்டபம் பக்கம் ஒரு குடும்பம் துணிந்து பெண் கொடுத்தது. எங்களுக்கு இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில், மொத்தச் சொந்தமும் நிற்க, என் மச்சினன் என் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

"இன்னா மாமா, உங்க கம்பெனில நெசமாவே நல்லா சுத்தம் பண்றாங்க போல!"

பெண்களுக்குக் காது குத்தியபோதும் அதைத்தான் சொன்னான். அவர்கள் கல்யாணத்திலும் சொல்லுவான்.